ஒன்பதாம் நம்பர் வீட்டு வாடகை

நொரீனின் சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு, வீட்டுக்காரர் கிளிஃபோர்டு அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். வெளியே தெரிந்தது கால்கள் மட்டும்தான். அவையும் கோபமாகத்தான் இருந்தன. கூரைச் செலவு, கொதிகலன் செலவு எல்லாம் ஏறிவிட்டதால் வாடகையை ஏற்றியே ஆகவேண்டும் என்றிருந்தார். நொரீனுக்கு அரசாங்கத்திலிருந்து வரும் வாடகை உதவியோ ஆணி அடித்ததுபோல நின்ற இடத்திலேயே நின்றது. பள்ளிக்கூடச் சமையல் சம்பளத்தில் மிச்சத்தைக் கட்ட அவளால் முடியாது. கிறிஸ்துமஸுக்குள் காலி செய்துவிடுவதாக அவளே சொல்லிவிட்டாள். மகளை வளர்த்து ஆளாக்கிய வீடு. கோப்பைகளெல்லாம் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் போயாகிவிட்டது. போகிறவளுக்குக் குழாய் ரிப்பேர் செய்ய வந்திருக்கிறாரே இந்த மனுஷன் என்று அவளுக்குச் சிரிப்பு வேறு வந்தது.

"நம்ம ஊர்ல வாடகை இவ்வளவுதான்னு எவன் சொன்னான் அவங்களுக்கு?" என்றார் தொட்டிக்கு அடியிலிருந்து.

"ஆபீஸ்ல கேட்டுட்டேன். ஊரு வாடகையெல்லாம் விசாரிச்சு, கீழேருந்து மேலே அடுக்கி, கீழ்ப்பக்கமா ஒரு வாடகையைத் தொட்டு நிறுத்துவாங்களாம். அதுக்குமேல உதவி கிடையாது."

"விசாரிக்கிறாங்களாம்! யாரை?"

அப்போது பார்த்து அவருடைய போன் அடித்தது. கையெல்லாம் அழுக்கு. "ஸ்பீக்கர்ல போடு கண்ணு."

ஒரு பெண் குரல். "வாடகை அதிகாரி ஆபீஸ்லேருந்து பேசறேன் சார். வருஷா வருஷம் கேக்கறதுதான். உதவி வாங்காதவங்க இருக்கற வீடு மட்டும் சொல்லுங்க. உங்க ஒன்பதாம் நம்பர் வீட்டுக்கு என்ன வாடகை?"

கிளிஃபோர்டின் குரல் சட்டென்று பரம ஏழையாகிவிட்டது. "நானூறு பவுண்டும்மா. அதுவே இழுபறி."

நொரீன் திகைத்துப்போனாள். ஒன்பதாம் நம்பரில் இருப்பவள் பஸ் ஓட்டும் டில்லிஸ். மாதம் அறுநூற்றைம்பது அழுகிறேன் என்று அவள் புலம்பாத வாரம் உண்டா?

போனை வைத்ததும் கேட்டாள்: "ஏன் இப்படிப் புளுகினீங்க?"

"வரிக்காரங்கடி அது. வேற பேர்ல வருவாங்க. புல்தரையில பந்து உருட்டற எங்க கிளப்புல, வீடு வாடகைக்கு விடறவங்க எல்லாருமே இப்படித்தான் சொல்லுவோம்."

"வரி ஏமாத்தறீங்களா?"

"சேச்சே! ஒரு பென்னி பாக்கியில்ல. யாராவது கேட்டாலே வாய் தானா குறைச்சுடுது."

நொரீனுக்கு முதலில் கோபம் வந்தது. அதை முந்திக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "உதவிக்கு ஊரு வாடகையைக் கணக்கு எடுக்கறதே அந்தம்மாதான்! குறைச்சுக் குறைச்சுச் சொல்லி என் உதவியைக் காலைப் பிடிச்சு இழுக்கறது நீங்களும் உங்க கிளப்பும்தானா!"

தொட்டியில் தலை இடித்த சத்தம் கேட்டது. வெளியே வந்தவரின் முகம் வெளுத்திருந்தது. அவரே அந்த எண்ணுக்குப் போன் போட்டு, "அறுநூத்தைம்பது. முன்னே சொன்னது பொய்," என்றார், மருந்து விழுங்குகிறவர் மாதிரி.

"நன்றி சார், திருத்திக்கறேன். ஆனா ஒரு வீட்டால பெரிசா ஒண்ணும் மாறிடாது."

"கிளப்புக்காரங்க கையில எத்தனை வீடு?" என்றாள் நொரீன்.

"ஊர்ல பாதி." தலையைத் தடவிக்கொண்டே தொப்பியை எடுத்தார். "இன்னைக்கு ஆட்டம் இருக்கு. நீயும் வா. ஏப்ரல்ல உதவிக்குப் புது ரேட்டு வர்ற வரைக்கும் பழைய வாடகையே குடு, போ."

கிளப் புல்வெளியில் கிளிஃபோர்டு விஷயத்தைச் சொன்னதும் உருட்டிய பந்துகள் அப்படியே கிடந்தன. பிறகு ஒருவர் வாடகை ஆபீஸுக்குப் போன் போட்டார். இன்னொருவர். கடைசியில் கிழவர்கள் எல்லாருமே, காது மந்தமானவர்கள் ஆயிற்றே, புல்வெளி அதிர உண்மை வாடகையைக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அடப்பாவி, ஒரு ரூமுக்கா அவ்வளவு வாங்கறே?"

"நீ மட்டும் என்ன யோக்கியமாம்!"

நொரீன் பெஞ்சில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள்.

கிளிஃபோர்டோடு வீட்டுக்கு வந்து டீக்குக் கெட்டிலை வைத்தாள். குழாய் சொட்டவில்லை. உதவி எவ்வளவு ஏறும், ஏறுமா என்பதெல்லாம் ஏப்ரலுக்குத்தான் தெரியும். பெட்டியைத் திறந்து, செய்தித்தாளைப் பிரித்து, தனக்கொன்றும் கிளிஃபோர்டுக்கொன்றுமாக இரண்டு கோப்பைகளை மட்டும் வெளியே எடுத்தாள். கொஞ்சம் யோசித்து, மாதம் அறுநூற்றைம்பது அழுகிற டில்லிஸுக்கு என்று மூன்றாவதையும் எடுத்தாள்.