பூஜையறையிலிருந்து ஒரு இணைப்பு

எதிர்வீட்டு முஸ்தபா தன் வீட்டு முகப்பில் திருட்டு அலாரம் மாட்டிய நாளிலிருந்து பட்டாபிராமனுக்குச் சாப்பாடு செரிக்கவில்லை. ஒரு வெள்ளைப் பெட்டி, அதில் மாறி மாறிச் சிமிட்டும் இரண்டு சிவப்பு விளக்குகள், அவ்வளவுதான். ஆனால் சேலையூரில் அந்தத் தெருவழியே போகிறவர்கள் அதை அண்ணாந்து பார்த்தார்கள். பட்டாபிராமன் வீட்டுப் பக்கம் திரும்பாமலேயே போனார்கள். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தையே ஆட்டிவைத்து ஓய்வுபெற்றவர் வீட்டில் திருட ஒன்றுமில்லை என்றா அர்த்தம்?

"அவர் ஹார்டுவேர் கடை வெச்சிருக்கார். நம்மாத்துல என்ன இருக்கு எடுத்துண்டு போக?" என்றாள் மனைவி திரிபுரசுந்தரி. அந்தக் கேள்வி அலாரத்தைவிட அதிகமாக வலித்தது.

ஆன்லைனில் அசல் அலாரத்தின் விலையைப் பார்த்தார். அதற்குக் கீழேயே டம்மி ஒன்று இருந்தது. உள்ளே ஒன்றும் கிடையாது. வெளியே அதே வெள்ளை, அதே சிவப்பு. தான் பார்த்துப் பழகிய பல பெரிய மனிதர்களைப் போலவே இருந்ததால் உடனே நம்பிக்கை வந்தது.

வாங்கி மாட்டிவிட்டார். ஆனால் பேட்டரி நிற்கவில்லை. மாற்றுவதற்கு ஏணி ஏறும்போதெல்லாம் முஸ்தபா ஓடி வந்துவிடுவார். "பாத்து சார், நான் புடிச்சுக்கறேன்." அந்த உதவியைத்தான் தாங்க முடியவில்லை. அசல் அலாரத்துக்கு எவனாவது ஏணி ஏறி செல் போடுவானா?

எலக்ட்ரீஷியன் தனசிங் சுவரைத் தட்டிப் பார்த்தார். "இதுக்கு நேர் பின்னாடி உங்க பூஜை ரூம் கீது சார். சாமி லைட்டு பாயின்ட்ல பழைய செல்ஃபோன் சார்ஜர் ஒண்ணு சொருகி ஒயர் இழுத்துடலாம். ரெண்டுக்கும் ஒரே சுவிட்சு."

"தனி சுவிட்ச்?"

"சுவத்த ஒடைக்கணும்."

சுவருக்கு அப்போதுதான் பெயின்ட் அடித்திருந்தது. ஒரே சுவிட்ச் போதும் என்றார்.

விடியற்காலையில் திரிபுரசுந்தரி பூஜையறை விளக்கைப் போட்டால் பெட்டி கண் விழிக்கும். இரவு, "பெருமாள் தூங்க வேண்டாமா?" என்று அவள் அணைத்தால் அதுவும் தூங்கிவிடும். திருடர்கள் தொழிலுக்குக் கிளம்பும் நேரம் அது. பட்டாபிராமனுக்கு அதில் வருத்தமில்லை. பெட்டியைத் திருடனுக்காகவா வைத்தார்? முஸ்தபா கடையடைத்து வீடு திரும்பும்போது எரிந்தால் போதும்.

அப்போது தெருவில் ஒரு ஸ்கூட்டர் காணாமல் போனது. குடியிருப்போர் சங்கம் பாதுகாப்புச் செயலாளர் ஒருவரைப் போடத் தீர்மானித்தது. எல்லார் வாயிலும் முஸ்தபா பெயர்தான். பட்டாபிராமன் முந்திக்கொண்டார். ஞாயிறு மாலைக் கூட்டத்தைத் தன் வீட்டு போர்டிகோவிலேயே, பெட்டிக்கு நேர் கீழேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை திருச்சியிலிருந்து ஃபோன் வந்தது. பெரியப்பா பிள்ளை சீனு காலமாகிவிட்டார்.

"அடடா" என்றார் பட்டாபிராமன், மனதார. அடுத்த நொடியே பங்காளித் தீட்டு ஞாபகம் வந்தது. பத்து நாளைக்குத் திரிபுரசுந்தரி பூஜையறைக் கதவைத் திறக்கமாட்டாள், விளக்கும் கிடையாது. அவர் ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கூட்டம் முடியட்டும், சொல்லலாம். பங்காளி ஒருவன் கார் வாங்கியதற்காக ஒரு வருஷம் அவனோடு பேசாமல் இருந்தவர்தான் சீனு. அவருக்குப் புரியும்.

ஞாயிறு மாலை பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்தன. சங்கத் தலைவி ஈவ்லின் டீச்சர் பேச அழைத்ததும் பட்டாபிராமன் எழுந்து மேலே கையைக் காட்டினார். "பாதுகாப்புங்கறது டிசிப்ளின். இந்த சிஸ்டத்தைப் பாருங்கோ. கரன்ட் போகலாம், மழை வரலாம், இது மட்டும் ஒரு நாளும்..."

பெட்டி அணைந்தது. தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுப் பெட்டியும் நிதானமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

முஸ்தபாதான் மெதுவாகக் கேட்டார். "சார், வூட்ல ஏதாச்சும் துக்கமா?"

"ஏன் கேக்கறேள்?"

"இல்ல, மாமி இந்நேரத்துக்கு சாமி விளக்க அணைக்கமாட்டாங்களே. உங்க பெட்டி எரியறத பாத்துத்தான் எங்க வூட்டுக்காரி குல்ஷன் குக்கரே வெக்கிறா."

"அது அணைஞ்சாத்தான் நான் டிவிய நிறுத்தறேன்" என்றார் ஈவ்லின் டீச்சர்.

தெருவுக்கே தெரிந்திருந்தது. பட்டாபிராமன் வாய் திறப்பதற்குள் திரிபுரசுந்தரி கையில் ஃபோனோடு வாசலுக்கு வந்துவிட்டாள். "ஏன்னா, சீனு போயிட்டாராமே. ஃபேமிலி குரூப்ல இப்பதான் பாத்தேன். உங்களுக்கு நேத்திக்கே சொல்லிட்டாளாமே?"

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஈவ்லின் டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டார். "துக்க வீட்ல எலெக்‌ஷன் வேணாம். முஸ்தபா சாரே பாத்துக்கட்டும்." எல்லோரும் கலைந்தார்கள்.

முஸ்தபா மட்டும் நாற்காலிகளை அடுக்கிவைத்துவிட்டு அருகில் வந்து உட்கார்ந்தார். "மனசுல வெச்சுக்காதீங்க சார். எங்களுது ஒரே பேஜாரு. பல்லி ஓடுனாகூட கத்துது, அதுக்கப்புறம் வூட்ல யாரும் தூங்கறதில்ல. புடுங்கிப் போடுன்றா குல்ஷன். உங்களுது பாருங்க, சத்தமே கிடையாது. மாமியோட எழுந்து மாமியோட தூங்குது. குடுத்து வெச்சவர் சார் நீங்க. அந்த கனெக்‌ஷன எப்டி இழுத்தீங்கன்னு கொஞ்சம் காட்டுங்களேன்."

பட்டாபிராமன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். சந்தேகமில்லை, முஸ்தபாவின் குரலில் இருந்தது பொறாமைதான். இத்தனை நாள் பட்டினி கிடந்த வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. "வாங்கோ, காட்டறேன்" என்று துள்ளி எழுந்தார்.

"எங்க கிளம்பிட்டேள்?" என்றாள் உள்ளிருந்து திரிபுரசுந்தரி. "இன்னும் ஸ்நானம்கூடப் பண்ணல. பத்து நாளைக்கு அந்தக் கதவைத் தொடப்படாது."

பத்து நாளில் முஸ்தபாவின் மனசு மாறிவிடக்கூடாதே என்ற கவலையோடு பட்டாபிராமன் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொள்ளப் போனார்.