கட்டுப் பிரிக்கும் காட்சி

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் ஜெரால்டுக்கு உலைப் பக்கம் வேலை. மழையில் நனைந்த பழைய இரும்பை யாரோ உலைக்குள் தள்ளிவிட, உருகிய இரும்புக் குழம்பு வெடித்து அவன் முகத்தில் தெறித்தது. உயிர் பிழைத்தான். பார்வை இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளைகளிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று அவனும் மனைவி செண்பகமும் பேசி வைத்துக்கொண்டார்கள். புண் ஆறுவதற்காகப் போட்டிருந்த கட்டைப் பிரித்ததும் அப்பாவுக்குக் கண் தெரியும் என்று பிள்ளைகள் தாமாகவே நம்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறுப்பு வெள்ளைப் படம் பார்ப்பது அந்த வீட்டுப் பழக்கம். முன்பெல்லாம் ஜெரால்ட்தான் பிள்ளைகளுக்குக் கதை சொல்வான். இப்போது அவர்கள் சொன்னார்கள். ஐந்தாவது படிக்கும் ஷைனி, யார் சிரிக்கிறார், யார் அழுகிறார் என்று முகங்களைச் சொல்வாள். ஒன்றாவது படிக்கும் ஜோஷ்வா குதிரை, கார், சண்டை எல்லாம் சொல்வான்.

அன்று ஓடிய படத்தில் கதாநாயகனுக்குக் கண் போய்விட்டது. ஜெரால்ட் சிறு வயதில் பார்த்த படம், முடிவு தெரியும். டிவியை நிறுத்தச் சொல்ல நினைத்தான். சொல்லவில்லை. படத்தின் கடைசியில் டாக்டர் கட்டைப் பிரித்தார். ஷைனி அந்த முகத்தைச் சொல்லவில்லை.

“அவருக்குத் தெரியுது நைனா” என்று ஜோஷ்வா அப்பாவின் மடியில் ஏறினான். “உனுக்குக் கட்டுப் பிரிச்சா மொதல்ல யாரப் பாப்ப? நான் முன்னாடி நின்னுக்கினு இருப்பேன்.”

உன்னைத்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிடலாம். ஜெரால்டின் வாய்வரை வந்தது. ஆனால் கட்டுப் பிரிக்கும் நாளில் பிள்ளை எதிரே நிற்பானே.

“பாக்க மாட்டேன்டா” என்றான். “எனுக்கு இனிமே தெரியாது. டாக்டர் சொல்ட்டாரு.”

ஜோஷ்வா மடியிலிருந்து இறங்கி வெளியே போனான்.

“எனுக்கு முன்னயே தெரியும் நைனா” என்றாள் ஷைனி. “அம்மா போன்ல சொல்லி அழுதுகினு இருந்துச்சி.”

இத்தனை நாளும் தெரிந்துகொண்டுதான் முகங்களைச் சொல்லிக்கொண்டிருந்தாளா என்று ஜெரால்ட் நினைத்துக்கொண்டான். அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான்.

ஷிப்ட் முடிந்து வந்த செண்பகத்திடம் நடந்ததைச் சொன்னான். அவள் திட்டவில்லை. குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

கட்டுப் பிரித்த அன்று ஜோஷ்வா ஆஸ்பத்திரிக்கு வர மறுத்துவிட்டான். அதன் பிறகு படம் பார்க்கவும் உட்காரவில்லை. ஞாயிற்றுக்கிழமை டிவி சத்தம் கேட்டாலே தெருவுக்குப் போய்விடுவான். ஷைனி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிறு, படத்தில் யாரோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், அம்மா அழுகிறாள் என்று ஷைனி சொன்னாள்.

“அழல” என்று வாசலிலிருந்து ஜோஷ்வாவின் குரல் கேட்டது. “சும்மா நிக்கிறாங்க.”

ஜெரால்ட் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். ஜோஷ்வா உள்ளே வரவில்லை.