ஹோனோராவின் ஐந்து கைப்பிடி

ஃபெஸ்டி தன் கையால் சுட்ட முதல் ரொட்டியைப் பன்றிக்குப் போட்டான். பன்றி அதைத் தலைக்கு வைத்துத் தூங்கியது. இரண்டாவதைக் கோழிக்கூண்டுக் கதவுக்கு முட்டாக வைத்தான். அதைக் கடித்துப் பார்த்த நரி இரண்டு பற்களை அங்கேயே விட்டுவிட்டுப் போனது. அவனேதான் இதை ஊரெல்லாம் சொன்னான். ஊர் நம்பவில்லை. அவன் சொல்லி ஊர் எதைத்தான் நம்பியது?

அவன் மனைவி ஹோனோரா கண்ணை மூடி நாளையோடு ஒரு மாதம். பூசை முடிந்து வருகிறவர்களுக்கு அவளுடைய ரொட்டியைத்தான் வைப்பேன் என்று பிடிவாதமாக இருந்தான். படுக்கையில் கிடந்தபடி அவள் பக்குவம் சொல்லியிருந்தாள். மாவு ஐந்து கைப்பிடி, ஆப்பசோடா உள்ளங்கைக் குழியளவு, மோர் நீலக் குவளை நிறைய. குவளை பழைய குவளைதான். கைதான் வேறு. ஃபெஸ்டியின் கை மண்வெட்டி.

அவள் கையளவில் அந்த மலைச்சரிவில் மிஞ்சியிருந்தது ஒரே கை, தங்கை டிலியாவுடையது. ஒரு வாத்துக்காக அக்காளும் தங்கையும் பேச்சை நிறுத்திப் பதினோரு வருஷம். அடக்கத்துக்குக்கூட டிலியா வரவில்லை.

போய்க் கதவைத் தட்டினான்.

"மாவு அள்ள உன் கை வேணும், டிலியா."

"ஏன் அத்தான், உங்க கையப் பன்னி தின்னுடுச்சா?"

"ரொட்டியவே தின்னல, கையையா திங்கப்போவுது?"

அவள் சிரிக்கவில்லை. சால்வையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

மாவுக்குள் அந்தக் கை இறங்கியபோது ஃபெஸ்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஐந்து பிடி. பிசைந்து, மேலே சிலுவை கீறி, இரும்புச் சட்டியில் இட்டு, மூடிமேலும் தணலை அள்ளி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் வாசனை எழுந்தது. ஹோனோரா அடுப்படியில் நிற்கிற வாசனை.

"கடைசி அன்னிக்கு அவ உன்னைக் கேட்டா, டிலியா."

"வேணாம் அத்தான்."

"சத்தியமா. 'டிலியா வந்தாளா'ன்னு ரெண்டு தடவ கேட்டா."

"நரிக்குப் பல்லு போச்சுன்னு சொன்ன வாய்தானே இது?"

ஃபெஸ்டி வாயைத் திறந்தான். அறுபது வருஷப் புளுகும் தொண்டையில் நெருக்கியடித்து நின்றது. பின்னால் வந்த ஒற்றை உண்மைக்கு வழியில்லை.

"வெந்திருக்கும், எடுங்க," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

மறுநாள் எல்லோரும் வந்தார்கள், டிலியாவைத் தவிர. ரொட்டியில் ஒரு துணுக்கு மிச்சமில்லை. ஹோனோரா கையேதான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"யாருப்பா சுட்டது?"

"டிலியா," என்றான் ஃபெஸ்டி.

ஒருவரும் நம்பவில்லை.