பன்னிரண்டு மணி வரை மௌனம்

மாதாவின் நோன்பு தொடங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. பிற்பகல் பூசை முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக்கூடாது. அஸ்காலேவுக்குத் தலை லேசாகிக் கிடந்தது. அடிஸ் அபாபாவுக்குப் பக்கத்தில் பிஷோஃப்டுவில், கூட்டம் நடந்த ஏரிக்கரை ஓட்டலில் எதைப் பார்த்தாலும் அது ஒரு கணம் தாமதித்துத்தான் கண்ணுக்குள் வந்து சேர்ந்தது. ஆகஸ்டு மழை விட்டு விட்டுப் பெய்தது. பாபோகாயா ஏரியின் மேல் மூன்று நாளாக வெள்ளைப் பனி கவிழ்ந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து மாதா கோவில் ஒலிபெருக்கியின் பாட்டு, தண்ணீரே பாடுவதுபோல மிதந்து வந்தது.

இருபத்திரண்டு வருடமாக அடிஸ் அபாபாவில் அவளுக்கு ஒரே வேலை. நாடுகள் பேசும், பேசியதை எழுத்தில் வைப்பது அவள். ஐம்பத்திரண்டு வயதுக்குள் அவள் எழுதிய எத்தனையோ தீர்மானங்களில் யார் யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒன்றில்கூட அவள் பெயர் கிடையாது. அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

இந்த முறை விஷயம் கெரூமே என்ற ஆற்றங்கரை ஊர். ஆற்றின் இரு கரையிலும் அடித்துக்கொள்ளும் ஜனங்கள், நடுவில் ஒரு பாலம், பாலத்தில் அண்டை நாடுகள் சேர்ந்து அனுப்பிய அமைதிப்படை. வெள்ளிக்கிழமை நள்ளிரவோடு படையின் காலம் முடிகிறது. ஆறு அண்டை நாடுகளும் ஒரே குரலில் நீட்டிக்கச் சொன்னால்தான் படை அங்கே இருக்கும். ஐந்து சொல்லிவிட்டன. ஆறாவது, பாதிச் சிப்பாய்களைக் கொடுத்த நாடு, ஒரு வரியில் சிக்கி நின்றது. ஜனங்களைக் காப்பாற்ற ஆயுதம் எடுக்குமுன் சிப்பாய்கள் ஆறு தலைநகரங்களிடமும் அனுமதி வாங்க வேண்டும் என்பது அந்த நாட்டின் பிடிவாதம்.

அதற்காக வாதாட வந்திருந்தவர் பிரிகேடியர் வெசோங்கா. ராணுவத்திலிருந்து வந்து தன் நாட்டின் தலைமைத் தூதரானவர். உயரமான, மெதுவான மனிதர். தலைநகரம் எழுதிக் கொடுத்த காகிதத்தை மூன்று நாளாக ஒரே குரலில் படித்துக்கொண்டிருந்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த மதாம் ஃபுராஹா கெரூமே இருக்கும் நாட்டிலிருந்து வந்தவள். மஞ்சள் துணியில் தலைக்கட்டு, அதற்கு மேல் உயரும் குரல்.

"பிரிகேடியர் ஐயா, ஒண்ணு கேக்கறேன். ஒருத்தன் வெட்டுக்கத்திய ஓங்கிட்டு வர்றான். உங்க சிப்பாய் என்ன பண்ணணும்? ஆறு ஊருக்கு போன் போட்டு, ஆறு மந்திரி தூங்கி எழுந்து வர்ற வரைக்கும், 'தம்பி, கத்திய அப்படியே பிடிச்சிட்டு நில்லு'ன்னு சொல்லணுமா?"

யாரோ சிரித்தார்கள். வெசோங்கா சிரிக்கவில்லை. "அனுமதிங்கிறது ஒரு பாதுகாப்பு, அம்மா. எல்லா நாட்டுக்கும்."

"எல்லா நாட்டுக்கும் பாதுகாப்பு. பாலத்துல நிக்கிறவளுக்கு மட்டும் கிடையாது. உங்க பசங்க போன தடவை வந்தப்போ எங்க ஊர்க் கோழிய எல்லாம் தின்னு தீர்த்தாங்க. அதுக்கு யார்கிட்ட அனுமதி கேட்டாங்க?"

"பதிலுக்குக் கிணறு வெட்டிக் குடுத்தோமே."

"கிணத்துல தண்ணி வந்துச்சான்னு யாராவது வந்து எட்டிப் பாத்தீங்களா?" அவள் சட்டென்று குரலை இறக்கினாள். "நீங்க எப்பவாவது அந்தப் பாலத்தைப் பாத்திருக்கீங்களா, ஐயா?"

"பாத்திருக்கேன்" என்றார் அவர். காகிதத்தை நேராக்கி வைத்தார். அவருடைய கட்டைவிரல் காகிதத்தின் ஓரத்தை மடக்குவதையும் நிமிர்த்துவதையும் அஸ்காலே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். அவள் போகாமல் காலி மண்டபத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பசி ஒரு கட்டத்தைத் தாண்டினால் மனசு தெளிந்த தண்ணீர்போல ஆகிவிடும். அதில் வரி தானாக வந்தது. 'உயிருக்கு ஆபத்து நேரும்போது, அந்த இடத்தில் நிற்கும் அதிகாரியே முடிவெடுப்பார். முடிவெடுத்ததை ஆறு அரசுகளுக்கும் உடனே தெரிவிப்பார்.' அனுமதி என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தெரிவிப்பதை வைத்திருந்தாள். அவ்வளவுதான் மாற்றம்.

கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் த்லாலி, தெற்கே மலைநாட்டுக்காரர், எப்போதும் போர்வை மாதிரி ஒரு சால்வையோடு இருப்பவர். அவர் அதை இரண்டு தடவை படித்தார். "இதைக் கை தூக்கச் சொல்லிக் கேட்டா யாராவது ஒருத்தர் தூக்க மாட்டார். மௌனத்துல வச்சிடுவோம்" என்றார்.

அவர்கள் தொழிலில் அப்படி ஒரு வழி உண்டு. எழுதியதை எல்லோருக்கும் அனுப்பி ஒரு நேரம் குறிப்பார்கள். அதற்குள் யாரும் எழுத்தில் மறுக்காவிட்டால் எல்லோரும் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். நாட்டின் தலைமைத் தூதர் கையெழுத்தோடு ஒரு வரி வந்தால் போதும், மௌனம் உடைந்துவிடும், எழுதியது குப்பைக்குப் போகும். த்லாலி நேரம் குறித்தார்: மறுநாள், வியாழன், பகல் பன்னிரண்டு.

காலையில் பனி இன்னும் அடர்ந்திருந்தது. மண்டபத்தில் ஒருவரும் உரக்கப் பேசவில்லை. யாரும் பேசக்கூடாது என்று விதி இல்லை. என்றாலும் மௌனத்தில் வைத்த நாட்களில் மனிதர்கள் கரண்டியைக்கூட மெதுவாகத்தான் வைப்பார்கள். ஃபுராஹா தாழ்வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். அஸ்காலே படகுத்துறைக்குப் போய் நின்றாள். மணி பதினொன்றாகியிருந்தது.

பின்னால் காலடி. வெசோங்கா, கோட்டு இல்லாமல், வெறும் சட்டையோடு.

"அந்த வரிய எழுதினது நீங்கதானே?"

"கூட்டம் எழுதினது, சார்."

"கூட்டத்துக்கு அவ்வளவு நல்லா எழுத வராது." அவர் துறையில் கட்டியிருந்த படகைப் பார்த்தார். "ஒரு சுத்து போயிட்டு வரலாமா? உள்ள உக்கார முடியல."

படகுக்காரர் ஹுந்தே துடுப்பை எடுத்தார். பத்துத் தடவை தள்ளுவதற்குள் கரை காணாமல் போனது. ஓட்டல் போனது, மரங்கள் போயின, கோவில் பாட்டு மட்டும் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. ஒரு நாரை பனிக்குள்ளிருந்து வந்து, அவர்களைக் கடந்து, மறுபடி பனிக்குள் கரைந்தது. அதைக் கண்டோமா நினைத்துக்கொண்டோமா என்று அஸ்காலேவுக்குச் சந்தேகமாக இருந்தது.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பாலத்துல நின்னது என் கம்பெனிச் சிப்பாய்ங்க" என்றார் வெசோங்கா. தண்ணீரிடம் சொல்வதுபோலச் சொன்னார். "அன்னிக்குச் சந்தை நாள். அக்கரையில வெட்ட ஆரம்பிச்சாங்க. ஜனங்க பாலத்துக்கு ஓடி வந்தாங்க. எங்களைப் பாத்துக் கை நீட்டினாங்க. நான் அனுமதி கேட்டு போன் போட்டேன். வரிசையா எல்லாருக்கும் போட்டேன். ஒருத்தர் இன்னொருத்தரைக் கேக்கணும்னார். நாலு மணி நேரம் கழிச்சு அனுமதி வந்துச்சு. ரொம்பத் தெளிவான அனுமதி. முத்திரையெல்லாம் இருந்துச்சு."

ஹுந்தேவின் துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அப்புறமும் மூணு நாளா அனுமதி வேணும்னு பேசினீங்களே, சார்."

"அது என் வேலை. தலைநகரம் சொல்றதைத்தான் நான் சொல்லணும். நேத்து ராத்திரி 'காலையில முடிவு பண்ணிச் சொல்றோம்'னாங்க. என்ன முடிவுன்னு எனக்குத் தெரியும். மறுப்பு எழுது, கையெழுத்துப் போடுன்னு சொல்வாங்க." சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். "போனை அறையிலயே வச்சிட்டேன்."

படகில் ஏறியது தப்போ என்று அஸ்காலே நினைத்தாள். எந்தப் பக்கமும் சாயாதவள் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் இருபத்திரண்டு வருடமாக அவளை அந்த அறைகளுக்குள் விட்டிருக்கிறார்கள்.

அப்போது அவளுடைய கைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். அவர் நாட்டின் வெளியுறவு அமைச்சகம்; அவரைக் காணாமல் கூட்டத்தின் எழுத்தரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"உங்களுக்குத்தான், சார்" என்று நீட்டினாள். அதை மறைக்க அவளால் முடியாது.

அவர் வாங்கிக்கொண்டார். அந்தப் பக்கத்துக் குரல் படகு முழுக்கக் கேட்டது. "எங்கேய்யா போய்த் தொலைஞ்சே? உன் ஆளுங்க ஓட்டல் பூரா தேடறாங்க! மறுப்பு எழுதிக் குடு. உடனே!"

"ஏரி நடுவுல இருக்கேன், ஐயா. பனி. கரை தெரியல."

"ஒரு துண்டுக் காகிதத்துல எழுதி, போட்டோ எடுத்து அனுப்பு!"

வெசோங்கா காலிச் சட்டைப் பையைத் தடவினார். "பேனா இல்லீங்க, ஐயா."

அஸ்காலேவின் பைக்குள் மூன்று பேனாக்களும் ஒரு நோட்டும் இருந்தன. பையின் வாய் திறந்தே கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். கோவிலில் நீளமாக ஒரு சொல்லை இழுத்துப் பாடினார்கள். அவள் பையின் பித்தானை மெதுவாகப் போட்டாள். அவள் வாழ்நாளில் ஒரு பக்கம் சாய்ந்தது அந்த ஒரு தடவைதான்.

"எப்போ கரைக்கு வருவே?" என்று குரல் கத்தியது.

"பனி விலகினதும், ஐயா" என்று சொல்லி அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். அது மறுபடி அடித்தது. பிறகும் அடித்தது. ஒவ்வொரு தடவையும் அவள் நீட்டினாள். ஒவ்வொரு தடவையும் அவர் தலையை ஆட்டினார். ஹுந்தே துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். அந்த ஏரியில் கண்ணைக் கட்டிவிட்டாலும் கரை சேர்ப்பவர் அவர். ஆனால் அவரை யாரும் கேட்கவில்லை. படகு தானாகச் சுழன்றது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நோன்பின் மயக்கத்தில் அவளுக்குப் பனிக்குள் ஜனங்கள் வரிசையாக நடப்பதுபோல இருந்தது, தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக, ஓசையே இல்லாமல்.

"ஆறு ஆச்சு" என்றார் ஹுந்தே.

வெசோங்கா திடுக்கிட்டார். "ஆறா?"

"எங்க கணக்குல ஆறு, சார்" என்றாள் அஸ்காலே. "எங்களுக்கு விடிஞ்சதுலேர்ந்துதான் மணி. உங்களுக்குப் பன்னிரண்டு."

அவர் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். நெடுநேரம் முகத்தை மூடியபடியே இருந்தார்.

துறையில் ஃபுராஹா குடையோடு நின்றிருந்தாள். கண் ஈரமாக இருந்தது, வாய் மட்டும் பழையபடி இருந்தது. "ஐயா, எங்க போனீங்க? உங்க ஆளு ஒவ்வொரு கக்கூஸா கதவைத் தட்டிட்டுப் போறார். த்லாலி அறிவிச்சிட்டார். யாரும் மறுக்கல. படை அங்கயே இருக்கும்."

"சந்தோஷம், அம்மா."

"பாலத்தைப் பாத்திருக்கேன்னீங்களே. எப்போ பாத்தீங்க?"

அவர் சொன்னார். எந்த வருடம், எந்த நாள், எத்தனை மணி நேரம். ஃபுராஹாவின் முகம் கல்லாகியது. குடையைச் சரித்துக்கொண்டு போனாள். மத்தியானம் அவர் உட்கார்ந்த மேசைக்கு அவள் வரவில்லை. மாலையில் வண்டிகள் அடிஸுக்குக் கிளம்பும்போதும் அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

பத்து நாளில் வெசோங்காவைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பதவி போனது. பனியில் வழி தவறியது பற்றி விசாரணை வைத்தார்கள். அஸ்காலேவிடமும் எழுதிக் கேட்டார்கள். போன் வந்த ஒவ்வொரு முறையும் அவரிடம் கொடுத்ததாக அவள் எழுதினாள். அது உண்மைதான். பேனாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதன்பிறகு சில வாரம் அவளுக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்றும் யோசித்தாள். விடவில்லை.

நவம்பரில் ஒரு காலை, ஃபுராஹா அவள் அறைக்கே வந்தாள். உட்காரவில்லை.

"போன சனிக்கிழமை பாலத்துல மறுபடி ஆரம்பிச்சாங்க, அக்கா. சந்தை நேரம். அங்க நின்ன லெப்டினன்ட் யாருக்கும் போன் போடல. வானத்தைப் பாத்துச் சுடச் சொல்லிட்டு, பாலத்துக்குக் குறுக்கே வண்டிய நிறுத்திட்டு, ஜனங்களை இந்தப் பக்கம் விட்டாங்களாம். எல்லாம் முடிஞ்சப்புறம்தான் ஆறு அரசுக்கும் தகவல் போச்சு. ஒரு உயிர்கூடப் போகல."

"பிரிகேடியருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் அஸ்காலே.

"நீங்க சொல்லுங்க. என்னால முடியாது" என்றாள் ஃபுராஹா. கதவருகில் திரும்பினாள். "ஆனா சொல்லுங்க."

அன்று மத்தியானமே அஸ்காலே போனில் கூப்பிட்டாள். வெசோங்கா தன் தோட்டத்தில் இருந்தார். பின்னால் யாரோ விறகு பிளக்கும் சத்தம். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், வண்டியைக் குறுக்கே நிறுத்தியது உட்பட. அவர் விறகு பிளப்பவரிடம் நிறுத்தச் சொன்னார்.

"குறுக்கவா நிறுத்தினாங்க?"

"ஆமா, சார்."

"அது எனக்குத் தோணல" என்றார். பிறகு, "அந்த லெப்டினன்ட் பேரு என்ன?"

"கேக்கல, சார்."

"கேட்டுச் சொல்லுங்க."

அவள் கெரூமேவுக்கு நான்கு தடவை போன் போட்டு, மறுநாள்தான் பெயரை வாங்கினாள். நமாலே கிஸா. இருபத்தேழு வயதுப் பெண். அவரிடம் சொன்னாள். அவர் அதை ஒரு தடவை திருப்பிச் சொன்னார். சரியாகச் சொன்னேனா என்று கேட்டு, இன்னொரு தடவை சொன்னார்.