விரல் வாசித்த கயிறு

அபிதா, நீ தூங்கியிருப்பாய். காலையில் பார். எனக்கு இதை யாரிடமாவது இப்போதே சொல்ல வேண்டும்.

நாளைக்குச் செல்வநாயகி மாமி யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிறார். அப்பாவின் தங்கை. போர் முடிகிற நேரத்தில் அவருடைய மகன் சஞ்சீவன் செத்துப்போனான். அப்பாதான் புதைத்தார். எந்த இடம் என்று மாமி இன்றைக்கும் கேட்கிறார். ஃபோனில் சொல்ல அப்பாவுக்குப் பயம். எழுதி வைக்க அதைவிடப் பயம். அந்த நாளில் எழுதிய கடதாசியோடு ராணுவத்திடம் பிடிபட்டவர்கள் திரும்பி வரவில்லையாம்.

வகுப்பில் இன்காக்களைப் பற்றிப் படித்தோமே. எழுத்து இல்லாமல், நூலில் முடிச்சுப் போட்டு எல்லாவற்றையும் வைத்திருந்தார்கள் என்று. வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்தார்.

"பிடிச்சாலும் ஒருத்தனும் வாசிக்கேலாது. உவங்கள் கெட்டிக்காரர்."

அந்தக் கிழமையே இங்கே பிளாக்ஹவுஸ் பே கடையில் கம்பளி நூல் வாங்கி வந்தார். புதைத்த இடத்துக்கு அவர் வழி சொல்ல, நான் நூலில் முடிச்சுப் போட்டேன். பச்சை வாய்க்கால், சிவப்பு ரோடு, திருப்பத்துக்கு ஒரு முடிச்சு. அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றார். சொன்னால் அன்றைக்கே ஃபோனில் மாமிக்குப் போய்விடும்.

பிறகு அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. பேச்சு போய்விட்டது. நாங்கள் பேசுவதும் அவருக்கு விளங்குவதில்லை. ஆனால் கயிற்றைக் கையில் கொடுத்தால் இடது கை விரல்கள் முடிச்சு முடிச்சாகப் போகும். நான் பக்கத்தில் இருந்து வழியைச் சொல்லிப் பார்ப்பேன். இன்காக்களுக்கும் கயிறு பாதி, மனப்பாடம் பாதி என்று டீச்சர் வகுப்பில் சொன்னார். நான் கயிற்றை நம்பி இருந்துவிட்டேன்.

போன வெள்ளி அம்மா அதைத் தலையணைக்குக் கீழே கண்டார். நான் ஸ்கூலால் வந்தபோது பார்பிக்யூ தட்டில் கற்பூரத்தோடு கருகிக் கிடந்தது.

"ஆரோ செய்வினை வைச்சிருக்கினம், பிரசாந்தி. அதுதான் மனுசன் விழுந்தவர். கழிச்சுப்போட்டன்."

அம்மாவின் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

ஞாபகத்தில் இருந்து புதுக் கயிறு முடிந்து கொடுத்தேன். அப்பாவின் விரல்கள் இரண்டாவது முடிச்சில் நின்றன. தொடக்கத்துக்குத் திரும்பின. மறுபடியும் நின்றன. அவிழ்த்து வேறு மாதிரி முடிந்தேன், பிறகு இன்னொரு மாதிரி. கடைசியில் அவர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

கதவடியில் அம்மா நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அப்பாவின் கை அசைகிறதாம், கழித்தது வேலை செய்கிறதாம். அதை மாமிக்கும் அனுப்பிவிட்டார்.

விமானம் மாறும் சிங்கப்பூரில் இருந்து மாமியின் குரல் மெசேஜ் வந்திருக்கிறது. அழுதுகொண்டே சொல்கிறார்.

"அண்ணைக்குச் சுகம் வருது. இனி நான் அவரிட்டையே கேக்கிறன்."