பால் வண்டிக் கார்புரேட்டர்

பல் டாக்டருடைய மச்சானுக்கு நாடித் துடிப்பு நின்று பதினேழு வருடம் ஆகிறது. மற்றபடி அவருக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் சொல்கிறார், நாற்காலிகளுக்கு உறை தைக்கிறார், சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறார். அவருடைய இதயம் செய்ய வேண்டிய வேலையை ஒரு பழைய ராணுவ லாரியின் எஞ்சின் செய்துவருகிறது, அவ்வளவுதான். இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதைத் தெருவில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். நடந்தது இதுதான்.

டாக்டர் அந்த லாரியை ஏலத்தில் எடுத்துக்கொண்டு வந்தபோது, அதன் பின்தட்டின் பலகையைத் துளைத்துக்கொண்டு கை கனத்துக்கு ஒரு மரம் வளர்ந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்த அவர் மனைவி வாசலுக்கு வந்து, வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "இத வீட்டுக்கு முன்னாடி நிறுத்தப் போறீங்களா, இல்ல வீட்ட இதுக்குப் பின்னாடி நிறுத்தப் போறீங்களா?" என்று கேட்டார். கடைசியில் தோட்டம் இருந்த இடத்தில் தகரக் கொட்டகை எழுந்தது. டாக்டருக்கு லாரி விஷயத்தில் ஒரே கொள்கை. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் எந்தத் திருகாணி எங்கே இருந்ததோ, அதே திருகாணி அங்கே இருக்க வேண்டும். பச்சை வண்ணத்தை ஏழு தடவை கலந்து, ஏழு தடவை சுரண்டி எடுத்தார். இருக்கை தைத்துக் கொடுக்க வந்த மச்சான், அதாவது டீச்சரின் அண்ணன், அப்படியே ஞாயிறுதோறும் வர ஆரம்பித்தார். அவருக்கும் ஒரு கொள்கை இருந்தது: ஓடினால் சரி. இரண்டு கொள்கைகளும் நாலு வருடம் ஒரே கொட்டகையில் மோதிக்கொண்டு, மத்தியானம் ஒரே தட்டுச் சாப்பாட்டில் சமாதானமாகும்.

நாலாவது வருடக் கடைசியில் எல்லாம் பூட்டி முடிந்தது, கார்புரேட்டரைத் தவிர. சரியான கார்புரேட்டருக்காக டாக்டர் உலகத்தில் அந்த லாரியை வைத்திருந்த நாற்பது பேருக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருந்தார். மச்சானுக்குக் காத்திருப்பது ஒத்துவராது. ஒரு ஞாயிறு காலையில், யாருக்கோ கடைவாய்ப் பல் பிடுங்க டாக்டர் அவசரமாகப் போயிருந்த நேரம் பார்த்து, உடைந்த பால் வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய கார்புரேட்டரை பிஸ்கட் டின் தகரத்தில் ஒரு தட்டு வெட்டிப் பொருத்தி, முன்னால் போய் ஹேண்டிலைச் சுற்றினார். முப்பது தடவை சுற்றியிருப்பார். எஞ்சின் பிடித்துக்கொண்ட அதே நொடியில் அவர் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கழன்று விழுந்தது போலிருந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டார். டீச்சர் ஓடிவந்தார், பக்கத்துத் தெரு வைத்தியர் ஓடிவந்தார். வைத்தியர் இரண்டு மணிக்கட்டையும் கழுத்தையும் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆள் போய்விட்டதாகச் சொல்ல வாயெடுத்தபோது, மச்சான் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

டாக்டர் திரும்பி வந்ததும் அவர் கண்ணில் முதலில் பட்டது மச்சான் அல்ல, கார்புரேட்டர். கோபத்தில் நேராகப் போய் சுவிட்சைத் திருப்பினார். எஞ்சின் இருமித் தணிந்தது. மச்சானின் தலை தொங்கியது. எஞ்சின் முழுதாக நிற்பதற்குள் பதறிப்போய்த் திரும்பப் போட்டார். மச்சான் கண் திறந்தார். நம்பாமல் இன்னொரு தடவை திருப்பினார். மூன்றாவது தடவைக்குக் கை போனபோது டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு தடவ பாத்தாச்சு. போதும்" என்றார். வைத்தியர் ஸ்டெதஸ்கோப்பை மச்சானின் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, அதை டாக்டரிடம் நீட்டினார். டாக்டர் கண்ணை மூடிக் கேட்டார். லாரி ஓடும் சத்தம் அப்படியே உள்ளே கேட்டது. "நாலாவது சிலிண்டர் மிஸ் அடிக்குது" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பதினொரு வருடம் பேசிக்கொள்ளவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்ட காரணம் ஒருவருக்குக் கார்புரேட்டர், மற்றவருக்கு சுவிட்ச். "என்ன அணைக்கப் பாத்த ஆளு" என்று மச்சான் சொல்வார், டாக்டர் பக்கத்து நாற்காலியில் இருக்கும்போதே. சொல்ல வேண்டியதெல்லாம் டீச்சர் வழியாகவே போனது. ஒருநாள் உப்பைக்கூட அப்படித்தான் கேட்டார்கள். டீச்சர் உப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே போய்விட்டார்.

ஆனால் வண்டி நிற்கவில்லை. நிற்க விடவில்லை. ஓடுகிற எஞ்சினை நிறுத்தாமலே பழுது பார்ப்பது எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் இல்லாததால், டாக்டர் தானே கண்டுபிடித்துக்கொண்டார். ஆயிலை மேலே ஊற்றிக்கொண்டே கீழே வடித்தார். ஆறு பிளக்குகளையும் ஒன்றொன்றாக, மற்ற ஐந்தும் எரிந்துகொண்டிருக்கும்போதே, இரண்டு கையுறை மாட்டிக்கொண்டு மாற்றினார். பல் பிடுங்குகிற கை என்பதால் அலுங்காமல் வந்தது. மச்சானுக்கு மூன்று வேளை சாப்பாடு போட்ட கையோடு டீச்சர் லாரிக்கும் மூன்று வேளை பெட்ரோல் ஊற்றினார். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு மணி நேரம் தாமதமாக வந்த நாள் அந்தப் பதினொரு வருடத்தில் ஒன்றுகூட இல்லை. மச்சான் எங்கே வேண்டுமானாலும் போகலாம், வரலாம். அவர் மாடிப்படி ஏறினால் கொட்டகையில் எஞ்சின் உறுமும், தூங்கினால் தணியும். நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் பெண்ணிடம் அவர் முதன்முதலாகப் பேசப் போன அன்று, ஆளில்லாத லாரி கால்மணி நேரம் சீறித் தகரக் கூரையே அதிர்ந்தது. இரண்டு தெருவுக்கு விஷயம் தெரிந்துவிட்டதால் கல்யாணத்தைத் தள்ளிப்போட முடியவில்லை. சத்தத்தைப் பற்றிப் புகார் கொடுத்த எதிர்வீட்டுக்காரர் மூன்றாம் வருடம் வேறு ஊருக்குக் குடிபோனார். தூக்கம் வரவில்லை என்று நாலே மாதத்தில் திரும்பி வந்தார்.

அந்த மூன்றாம் வருடத்தில்தான், நாற்பது கடிதங்களில் ஒன்றுக்குப் பதிலாக ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே சரியான கார்புரேட்டர், மெழுகுத்தாள்கூடப் பிரிக்காமல் இருந்தது. அதைப் பூட்ட வேண்டுமானால் எஞ்சினை நிறுத்த வேண்டும். டாக்டர் ஒவ்வொரு ஞாயிறும் அதை எடுத்துத் துடைப்பார், பால் வண்டிக் கார்புரேட்டரை ஒருமுறை முறைப்பார், திரும்பப் பெட்டிக்குள் வைப்பார்.

பதினோராம் வருடம் எஞ்சினின் அடியிலிருந்து ஒரு தட்டல் கேட்டது. டாக்டருக்கு முதல் தட்டலிலேயே புரிந்தது, பேரிங் போய்விட்டது. அதை மாற்ற எஞ்சினை நிறுத்தியே ஆக வேண்டும். மாற்றாவிட்டால் ஒரு வாரத்தில் அதுவே நின்றுவிடும். அவர் மூன்று நாள் சாப்பிடவில்லை. மச்சான் நெஞ்சைத் தடவிக்கொண்டே, "உள்ள யாரோ கதவத் தட்டற மாதிரி இருக்கு" என்று தங்கையிடம் சொன்னார். டீச்சர் அன்று வகுப்புக்குப் போகவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து வெகுநேரம் லாரியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கணவரிடம் கேட்டார்: "ஸ்டார்ட் ஆகாத வண்டிய என்ன பண்ணுவீங்க?"

"இன்னொரு வண்டியில கட்டி இழுப்போம்."

"அப்ப இதுல கட்டி இன்னொன்ன இழுங்க. ஒரு விளக்குல இருந்து இன்னொரு விளக்கு ஏத்தறதில்லையா?"

அதே ரக லாரி அந்த ஊரில் இன்னொன்றுதான் இருந்தது. கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அதைத் தன் சொந்தப் பிள்ளைக்கு மேலாக வைத்திருந்தார்; மழை நாளில் வெளியே எடுக்கமாட்டார், யாரையும் தொட விடமாட்டார். டீச்சர் போய் விஷயத்தைச் சொன்னதும் சாவிக்கொத்தை அவர் கையில் வைத்துவிட்டு, "டயர்ல காத்து மட்டும் பாத்துக்கோங்கம்மா" என்றார்.

ஞாயிறு காலை, மைதானத்தை ஒட்டிய ரோட்டில் இரண்டு லாரிகளையும் சங்கிலியால் கட்டினார்கள். முன் வண்டியான தங்கள் லாரியில் டாக்டரும் டீச்சரும் இருந்தார்கள். பின் வண்டியை, டைப்பிஸ்டின் லாரியை, மச்சானே ஓட்டினார். தன் உயிருக்குத் தானே கிளட்ச் விடுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றுவிட்டார். தட்டிக்கொண்டே முன் வண்டி நகர்ந்தது. சங்கிலி விறைத்தது. நூறு அடி தாண்டி மச்சான் கிளட்சை விட்டார். பின் வண்டி இரண்டு தடவை துள்ளி, கறுப்பாக ஒரு புகை விட்டு, பிடித்துக்கொண்டது. இரண்டு எஞ்சினும் ஓடின. இனி முன்னதை நிறுத்த வேண்டும், பின்னது ஆளைத் தாங்குகிறதா என்று பார்க்க வேறு வழியில்லை. டாக்டர் கையைச் சுவிட்சுக்குக் கொண்டுபோனார். தொடாமலே திரும்ப எடுத்துக்கொண்டார். "என்னால முடியாதும்மா. ஒரு தடவ அணைச்சவன் நான்" என்று சொல்லி அழுதார்.

"எங்கண்ணன்தான். நான் அணைக்கறேன்" என்று டீச்சர் குனிந்து சுவிட்சைத் திருப்பினார்.

பதினொரு வருடம் ஓடிய எஞ்சின் இருமி நின்றது. அந்தச் சத்தம் நின்ற விதத்தில் தெருவாசிகள் எல்லாம் வீட்டைவிட்டு வெளியே வந்து நின்றார்கள். டாக்டர் கீழே குதித்துப் பின் வண்டிக்கு ஓடினார். மச்சான் ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக் கிடந்தார். டாக்டர் அவர் தோளைத் தொட்டார். மச்சான் தலையைத் தூக்காமலே, ஏதோ கேட்டுக்கொண்டிருப்பவர் போலக் கையைக் காட்டினார். பிறகு நிமிர்ந்தார்.

"மாப்ள, இதுல ஆறும் அடிக்குது" என்றார்.

பேரிங் வேலை ஐந்து ஞாயிறு பிடித்தது. எஞ்சின் மொத்தமும் மேசைமேல் பிரிந்து கிடந்தது. மரப்பெட்டியைத் திறக்க அதைவிட நல்ல சமயம் வராது. மச்சானே அதை எடுத்து நீட்டினார், "உங்க ஆசைக்குப் போட்டுக்கோங்க மாப்ள" என்றார். டாக்டர் வாங்கி, மெழுகுத்தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, அலமாரியில் வைத்தார். பால் வண்டிக் கார்புரேட்டரைக் கழுவி, கசியாமலிருக்க நடுவில் வைக்கும் கேஸ்கெட்டைப் புதிதாக வெட்டி, பழைய பிஸ்கட் டின் தட்டோடு இருந்த இடத்திலேயே பூட்டினார்.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு ஞாயிறு, மைதான ரோட்டில் வண்டி மாறும். ஓடுவது நிற்கும், நின்றது இழுபட்டு ஓடும். டைப்பிஸ்ட் டயரில் காற்றுப் பார்ப்பார், டீச்சர் சுவிட்சைத் திருப்புவார். போன வருடம் பழைய வண்டிகளின் கண்காட்சியில் டாக்டருடைய லாரிக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. நடுவராக வந்தவர் முன்மூடியைத் தூக்கி, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைச் சுற்றிப் பார்த்து, திருகாணி முதல் வண்ணம் வரை எல்லாம் அசல் என்று எழுதிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றார். "இது இந்த வண்டியோடது இல்லையே?" என்றார்.

"இல்ல, அது எங்க மச்சானோடது" என்றார் டாக்டர்.

நடுவர் இரண்டு மதிப்பெண் குறைத்தார். டாக்டர் மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பெட்ரோல் ஊற்றும் நேரமாகிவிட்டதால் கேனை எடுக்கப் போனார்.