சாமைக் கொல்லையில் ஒரு குழி

“விறகை இறக்காதேங்கோ!”

பஸ்ஸை விட்டு இறங்கிய வேகத்தில் ஓடிவந்து மாட்டுவண்டியை மறித்தாள் தவமலர். அகதி முகாம் வாசலில் அதற்குள் பாதி வண்டி இறங்கியிருந்தது.

கல்குவாரி மேஸ்திரி ராஜவேலு அனுப்பிய விறகு அது. வேலை செய்கிறவர்களுக்கு ஒரு தண்ணீர்ப்பானை வைக்க மனசு வராத புண்ணியவான், அவளுடைய அப்பா கந்தவனத்தை எரிக்க மட்டும் கேட்காமலே ஒரு வண்டிக் கட்டை அனுப்பிவிட்டான். நேற்று மத்தியானம் உடலை லாரியில் கொண்டுவந்து கிடத்தியவனும் அவன்தான். நெஞ்சுவலி என்றான். நெஞ்சுவலிக்குப் பின்மண்டை உடையுமா என்று கேட்க முகாமில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. வெளியே வேலைக்குப் போனதே தப்பு என்று முகாம் அட்டையைப் பிடுங்கிவிட்டால்? இலங்கையிலிருந்து படகேறி வந்த இந்த ஒரு வருஷமாக அந்த அட்டைதான் அவர்களுக்குச் சோறு.

தவமலர் போலீஸ் ஸ்டேஷனுக்கே போய்க் கேட்டாள். முகாம் ஆள் என்றால் ரெவின்யூ அதிகாரியிடம் எழுதி வாங்கி வா என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பினார்கள். அதிகாரி திங்கட்கிழமைதான் வருவார்; உடல் அதுவரை தாங்காது. குவாரி வெடியில் பறந்த கல் அப்பாவின் தலையில் விழுந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர், அங்கே கூட வேலை செய்யும் மலைக்காரர் வீரன். அவர்தான் இன்று காலை முதல் பஸ்ஸில் அவளைத் திருப்பத்தூருக்கு, இலவச சட்ட உதவி பார்க்கும் வக்கீலின் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

“வக்கீல் என்னவாம்?” சடலத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பறுவதம் கேட்டாள்.

“அகதியெண்டாலும் கோர்ட்டுக்குப் போகலாமாம். காசும் வேண்டாமாம். நாளைக்கே மனுப் போடுறாராம். ஆனா...” தவமலர் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “எரிச்சுப்போட்டால் ஒண்டும் செய்யேலாதாம். மண்ணுக்குள்ள தாட்டு வைக்கட்டாம். கோர்ட் சொன்னால் தோண்டியெடுத்து டாக்டர் பார்ப்பாராம்.”

அம்மா எழுந்தேவிட்டாள். “தோண்டுறதோ? எங்கட ஆக்களில ஆரையடி தாட்டனாங்கள்? ஊரில கீரிமலைக் கடலில சாம்பல் கரைக்கத்தான் குடுத்துவைக்கேல்ல. நெருப்புமில்லையோ அந்த மனுசனுக்கு?”

தவமலருக்கு அம்மாமேல் கோபம் வரவில்லை. மனு தள்ளுபடியானால் அப்பாவுக்குக் கொள்ளியும் இல்லை, நியாயமும் இல்லை.

“எரிச்சால் நெஞ்சுவலிதான் அம்மா” என்றாள். “எண்டைக்கும் நெஞ்சுவலிதான்.”

வீரன் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னே வந்தார். “எங்க ஜனத்துல பொதைக்கறதுதாம்மா வழக்கம். எங் கொல்லையில எடம் தர்றேன்.”

“உங்களுக்கு வேலை போயிடாதோ அண்ணை?” என்றாள் தவமலர்.

“போவட்டும். கண்ணால பாத்தவன் நானு. கோர்ட்டுல கேட்டா இன்னா சொல்றது, வூட்டுல தூங்கிக்கினு இருந்தேன்னா?”

அம்மா குனிந்து அப்பாவின் வேட்டியை இழுத்துச் சரிசெய்தாள். “தூக்குங்கோ” என்றாள்.

இறக்கிய கட்டைகளை வண்டிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே திரும்ப ஏற்றினார்.

மலையேறும் பாதையில் வீரனின் சாமைக் கொல்லை. அதன் ஓரத்தில் குழி வெட்டியிருந்தார்கள். அவர்கள் ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. இது சுடலை இல்லையே என்று அம்மாவும் நடந்து வந்தாள். மண் தள்ளி மேடாக்கி, நரி கிண்டாமலிருக்க முள் வெட்டிப் போட்டார்கள். ஒவ்வொருவராகக் கீழே இறங்கத் தொடங்கினார்கள்.

அம்மா இறங்கவில்லை. வரப்பிலிருந்து ஒரு கல்லை இரண்டு கையாலும் தூக்கிவந்து, முள்ளை விலக்கி, மேட்டின் ஒரு முனையில் வைத்தாள்.

“இது தலைப்பக்கம்” என்றாள் மகளிடம். “தோண்ட வாற ஆக்களுக்குச் சொல்லு பிள்ளை, கால்மாட்டிலயிருந்து தோண்டட்டும். இங்கால வெட்டினால் முகத்தில பட்டுடும்.”

கல் ஆடாதபடி அதைச் சுற்றி மண்ணை அணைத்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.